நாலு சக்கரமும் ஒண்ணா நிக்கணும்! - எத்தோரே புகாட்டியும் ஒரு பிரேக்கின் கதையும்

சின்ன வயசுல சைக்கிள் ஓட்டியவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் முழங்கைத் தழும்பே சொல்லும். பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் வண்டி நிற்காமல் வாலை ஆட்டிக்கொண்டே சறுக்கும். இரண்டையும் அளவு பார்த்துப் பிடிக்கப் பழகிய அன்றைக்குத்தான் நாம் நிஜமாகவே சைக்கிள் கற்றுக்கொண்டோம்.

இதே பாடத்தை கார் உலகமும் விழுந்து எழுந்துதான் படித்தது. அந்தப் பாடத்தோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய ஒரு மனிதரைப் பற்றித்தான் இப்போது பேசப் போகிறோம். பெயர், எத்தோரே புகாட்டி.

புகாட்டி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வேகம், பணம், யூடியூப் வீடியோ, அவ்வளவுதானே? ஆனால், பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் முதலில் பிரேக் பற்றித்தான் பேசுவார்கள். பிரேக் சரியில்லை என்று புகார் சொன்ன ஒரு வாடிக்கையாளரிடம், தன் கார்கள் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை, நிற்பதற்காக அல்ல என்கிற அர்த்தத்தில் எத்தோரே பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. நூறு வருஷமாக அந்தக் கதை அவரைத் துரத்துகிறது. அது அவருக்கு நியாயம் செய்கிற கதையா? அவர் வாழ்க்கையையே கொஞ்சம் பார்த்துவிடலாம் வாங்க.

கலைஞர் வீட்டுப் பையன்

1881 செப்டம்பர் 15. இத்தாலியின் மிலன் நகரில் பிறந்தார் எத்தோரே. அப்பா கார்லோ புகாட்டி, ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கிய மரச்சாமான் வடிவமைப்பாளர். தாத்தா கட்டடக் கலைஞர், சிற்பி. அத்தையின் துணைவர் ஜொவான்னி செகந்தீனி அன்றைய பெரிய ஓவியர். தம்பியின் பெயர் ரெம்ப்ராண்ட். அந்தப் பெயரை வைத்ததற்குக் கைமேல் பலன். தம்பி, விலங்குகளை வெண்கலத்தில் வார்க்கும் சிற்பியாகப் பேர் எடுத்தார்.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த மூத்த பையனுக்குக் கிரீஸ் வாசம் பிடித்துப்போனது. பள்ளிப் படிப்பை முடித்துப் பட்டம் வாங்கிய இன்ஜினீயர் இல்லை அவர். பதின்ம வயதிலேயே மிலனில் சைக்கிளும் மூன்று சக்கர மோட்டார் வண்டியும் செய்துகொண்டிருந்த பிரினெத்தி அண்ட் ஸ்டுக்கி நிறுவனத்தில் வேலை பழகச் சேர்ந்தார். அந்த வண்டிகளிலேயே பந்தயமும் ஓட்டினார். 1901-ல் குலினெல்லி சகோதரர்களின் பண உதவியோடு அவர் செய்த கார், மிலன் கண்காட்சியில் பரிசு வாங்கியது. அதைப் பார்த்து, அல்சாஸ் பகுதியில் இருந்த டி டீட்ரிச் நிறுவனம் அவரை வடிவமைப்பாளராக அழைத்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது யார் தெரியுமா? அப்பா கார்லோ. பையனுக்குச் சட்டப்படி கையெழுத்துப் போடும் வயசு இன்னும் வரவில்லை!

அதன் பிறகு ஸ்ட்ராஸ்பர்கில் மாத்திஸ், 1907-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் டாய்ட்ஸ் என்று இடம் மாறிக்கொண்டே இருந்தார். சம்பளம், குடும்பம், வீடு எல்லாம் அமைந்துவிட்டது. ஆனாலும், ராத்திரியானால் வீட்டின் நிலவறைக்குள் இறங்கிவிடுவார். அங்கே தனக்கென்று ஒரு சின்ன கார் செய்துகொண்டிருந்தார். அன்றைய பெரிய கார்கள் யானை என்றால், இது நல்ல ஜாதிக் குதிரைக் குட்டி. அந்தக் குட்டியைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1909-ல் டாய்ட்ஸை விட்டு வெளியே வந்தார். அல்சாஸில் மோல்ஷெம் என்கிற சின்ன ஊரில், மூடிக்கிடந்த ஒரு சாயப்பட்டறையை எடுத்துச் சொந்தத் தொழிற்சாலை தொடங்கினார். அதே ஆண்டு ஜனவரியில்தான் மகன் ழான் பிறந்திருந்தான். இந்தப் பையனின் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

கொழுப்பைக் குறைத்தால் குதிரை ஓடும்

எத்தோரேயின் கணக்கு ரொம்ப எளிமையானது. இன்ஜினைப் பெரிதாக்குவதைவிட காரின் எடையைக் குறை. எடை குறைந்தால் வேகம் எடுக்கும், வளைவில் மடங்கும், டயர் தேயாது. முக்கியமாக, நிறுத்துவதும் சுலபம். 1911-ல் லெமான் நகரில் நடந்த கிராண்ட் பிரி போட்டியில், ஒன்றரை லிட்டர்கூட இல்லாத இன்ஜினோடு வந்த புகாட்டியின் டைப் 13 கார், பல மடங்கு பெரிய கார்களுக்கு நடுவே ஓடி இரண்டாவது இடம் பிடித்தது. பார்த்தவர்கள் வாயடைத்துப்போனார்கள்.

பிறகு முதல் உலகப் போர். குடும்பம் அல்சாஸை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. எத்தோரே விமான இன்ஜின்களில் வேலை பார்த்தார். போர் நடுவில், 1916 ஜனவரியில், தம்பி ரெம்ப்ராண்ட் பாரீஸில் தற்கொலை செய்துகொண்டார். வயது 31. தம்பி செய்த யானைச் சிற்பம் ஒன்றை எத்தோரே மறக்கவே இல்லை. பல வருஷம் கழித்து, தன் வாழ்க்கையிலேயே பெரிய காரின் முகப்பில் அந்த யானையைத்தான் நிற்க வைத்தார்.

போர் முடிந்தபோது அல்சாஸ், ஜெர்மனியிடமிருந்து பிரான்ஸ் கைக்கு வந்திருந்தது. மோல்ஷெம் பட்டறை மறுபடி திறந்தது. 1921-ல் இத்தாலியின் பிரெஷியாவில் நடந்த சிறிய கார்களுக்கான பந்தயத்தில் முதல் 4 இடங்களும் புகாட்டிக்கே. இவ்வளவு வேகமாக ஓடிய அந்தக் கார்களில் முன்சக்கரத்துக்கு பிரேக்கே கிடையாது என்றால் நம்புவீர்களா? ஆமாங்க, பின்னால் மட்டும்தான்.

முன்சக்கரம் ஏன் முக்கியம்?

இங்கே ஒரு நிமிஷம் வண்டியை ஓரங்கட்டுவோம். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள். டிரைவர் திடீரென்று பிரேக் போடுகிறார். நீங்கள் எந்தப் பக்கம் சாய்வீர்கள்? முன்பக்கம். காரின் எடையும் அப்படித்தான் முன்னால் சாய்கிறது. முன் டயர்கள் சாலையில் அழுந்துகின்றன, பின் டயர்கள் லேசாகின்றன. லேசான டயருக்கு சாலையில் பிடிப்பு இருக்காது. அதில் பிரேக்கை அழுத்தினால், சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கத்தான் செய்யும். அதனால், நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்தினுடையது.

அப்படியென்றால், ஆரம்பத்திலேயே முன்னால் பிரேக் வைத்திருக்கலாமே? அங்கேதான் சிக்கல். முன்சக்கரம் திரும்ப வேண்டும். பள்ளம் மேட்டில் ஏறி இறங்க வேண்டும். பெடலில் இருந்து போகும் கம்பியோ கேபிளோ அந்த அசைவு எல்லாவற்றையும் தாங்கி, ஒரே அளவு இழுவையைக் கொடுக்க வேண்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஒரு பக்க கேபிள் தானாக இறுகிவிட்டால்? ஓட்டுபவர் கதி அதோகதிதான். இடது, வலது இரண்டும் ஒரே மாதிரி பிடிக்கவில்லை என்றால், பலமாகப் பிடித்த பக்கம் கார் இழுத்துக்கொண்டு போய்விடும். பிரேக் இல்லாத சக்கரத்தைவிட, ஒழுங்கில்லாத பிரேக் உள்ள சக்கரம் ஆபத்து என்று பல இன்ஜினீயர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது.

இதற்கு விடை அமெரிக்காவில் இருந்து வந்தது. பின்னாளில் விமானங்களுக்குப் பேர்போன லாக்ஹீட் சகோதரர்களில் ஒருவரான மால்கம் லாக்ஹீட், கேபிளுக்குப் பதிலாகத் திரவத்தைக் குழாயில் அனுப்பும் ஹைட்ராலிக் பிரேக்கை உருவாக்கினார். பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதி ஞாபகம் இருக்கா? மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும். காலால் பெடலை மிதித்தால் நாலு சக்கரத்துக்கும் ஒரே அழுத்தம். சமன் செய்யும் வேலையை இயற்கையே பார்த்துக்கொள்ளும்! 1921-ல் பிரான்ஸின் கிராண்ட் பிரி போட்டியில், ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்த அமெரிக்க டூசன்பெர்க் காரை ஓட்டிய ஜிம்மி மர்ஃபி ஜெயித்தார். ஐரோப்பிய கார்க்காரர்கள் எல்லோரும் தங்கள் வீட்டு முற்றத்திலேயே அந்தத் தோல்வியைப் பார்த்தார்கள்.

எத்தோரே சும்மா இருந்தாரா? இல்லை. இந்த இடம்தான் பலருக்கும் தெரியாத இடம். அடுத்த வருஷமே, 1922-ல், அவருடைய 8 சிலிண்டர் டைப் 30 காரின் முன்சக்கரங்களில் ஹைட்ராலிக் பிரேக் வைத்தார். மோல்ஷெம் பக்கத்திலேயே ஸ்ட்ராஸ்பர்கில் நடந்த அந்த வருஷ கிராண்ட் பிரியில் அவர் கார் இரண்டாவதாகவும் வந்தது. ஆக, நிறுத்துவதைப் பற்றிக் கவலையே படாத மனிதர் என்பது சுத்தப் பொய்.

ஆனால், அன்றைய ஹைட்ராலிக் பிரேக்குக்குக் கசிவு என்கிற தீராத வியாதி இருந்தது. இன்றைக்கு இருக்கிற மாதிரி நல்ல ரப்பர் சீல்கள் அப்போது கிடையாது. திரவம் ஒழுகினால், பெடல் தரைக்குப் போய்விடும். எத்தோரே அதை விட்டுவிட்டு கேபிளுக்குத் திரும்பினார். திரும்பியவர், பதினைந்து வருஷத்துக்கும் மேல் திரும்பிப் பார்க்கவே இல்லை.

சக்கரத்தோடு சேர்ந்த பிரேக்

1924 ஆகஸ்ட். லியோன் நகரில் பிரெஞ்சு கிராண்ட் பிரி. நீல நிறத்தில் டைப் 35 கார்கள் வந்து இறங்கின. அதற்கு முன்னால் யாரும் பார்க்காத சக்கரம். கம்பிகள் இல்லை, 8 பட்டையான கைகளோடு அலுமினியத்தில் வார்த்தெடுத்த சக்கரம். பிரேக் டிரம்மும் அந்தச் சக்கரத்தோடேயே சேர்ந்த ஒரே வார்ப்பு.

இதில் என்ன லாபம்? மூன்று லாபம். ஒன்று, எடை குறைந்தது. இரண்டு, அலுமினியம் சூட்டை வேகமாக வெளியே கடத்தியது, ஓடும்போது சக்கரமே காற்றை வாங்கிக் குளிர்ந்தது. மூன்றாவதுதான் தலைவன் மூளை: டயர் மாற்றுவதற்காகச் சக்கரத்தைக் கழற்றினால் டிரம்மும் கூடவே வந்துவிடும். உள்ளே பிரேக் ஷூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை மெக்கானிக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

அன்று லியோனில் ஜெயிக்கவில்லை. டயர்கள் பிய்ந்து காலை வாரிவிட்டன. அதற்குப் பிறகு நடந்ததுதான் சரித்திரம். சிசிலியின் மலைப்பாதையில் நடக்கும் தார்கா ஃப்ளோரியோ பந்தயத்தில் 1925 முதல் 1929 வரை தொடர்ந்து 5 முறை புகாட்டிக்கே வெற்றி. 1929-ல் நடந்த முதல் மொனாக்கோ கிராண்ட் பிரியிலும் ஜெயித்தது டைப் 35 வகைக் கார்தான். தார்கா ஃப்ளோரியோ பாதை வளைவுக்கு மேல் வளைவு. பிரேக் மோசமான கார் ஒன்று, அங்கே 5 வருஷம் தொடர்ந்து ஜெயிக்க முடியுமா? யோசித்துப் பாருங்கள்.

ரகசியம், எடையிலும் உழைப்பிலும் இருந்தது. டைப் 35 சுமார் 750 கிலோதான். அந்த எடைக்குப் பெரிய டிரம்கள். பெடலில் இருந்து வரும் இழுவையை நாலு பக்கமும் பிரித்துக் கொடுக்கும் சமன்படுத்தும் அமைப்பு. அதற்கு மேல், ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் உட்கார்ந்து, ஒவ்வொரு கேபிளையும் சரிபார்க்கும் மோல்ஷெம் மெக்கானிக்குகளின் பொறுமை. வீணைக்கு சுருதி சேர்க்கிற மாதிரி வேலை அது. சுருதி சேர்ந்திருக்கும் வரை அற்புதம். ஒரு கேபிள் கொஞ்சம் நீண்டாலும், ஒரு லைனிங் கொஞ்சம் அதிகம் தேய்ந்தாலும் சுருதி போச்சு.

பந்தயத்தில் சுருதி சேர்க்க ஆள் இருந்தார்கள். காசு கொடுத்து கார் வாங்கி, ஊருக்குப் போய் ஓட்டிய டாக்டருக்கும் வியாபாரிக்கும் யார் இருந்தார்கள்? புகார்கள் அங்கிருந்துதான் கிளம்பின.

கார் வளர்ந்தது, கேபிள் வளரவில்லை

எத்தோரே இப்போது மோல்ஷெமின் ராஜா. குதிரை மீதேறித் தொழிற்சாலையைச் சுற்றி வருவார். தரையில் ஒரு பொட்டு எண்ணெய் இருக்கக் கூடாது. கார் வாங்க வருகிறவர்கள் தங்க, சொந்தமாகவே ஒரு விடுதி. ராஜா என்றால் ராஜாக்களுக்கே கார் செய்ய வேண்டாமா? டைப் 41, அதாவது ரொயால் பிறந்தது. 12.7 லிட்டர் இன்ஜின், ஏறக்குறைய 3 டன் எடை. முகப்பில் தம்பியின் யானை. மொத்தம் 6 கார்கள் செய்தார்கள். உலகப் பொருளாதாரம் சரிந்த நேரம். விற்றது 3 மட்டுமே.

எடையைக் குறை என்று ஆரம்பித்த மனிதர், யானையைக் கட்டி இழுக்கிற இடத்துக்கு வந்துவிட்டார். அந்த 3 டன் காரிலும் கேபிள் பிரேக்தான், அழுத்தத்துக்குத் துணை செய்யும் கருவி எதுவும் இல்லை. முழுக்க முழுக்க ஓட்டுபவரின் கால் பலம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. காரின் எடை இரண்டு மடங்கானால், பிரேக் கரைக்க வேண்டிய ஆற்றலும் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால்? நாலு மடங்கு. இந்த ஆற்றல் முழுவதும் டிரம்மில் சூடாகத்தான் மாற வேண்டும். சூடு ஏற ஏற டிரம் விரிகிறது, ஷூ இன்னும் தூரம் போக வேண்டியிருக்கிறது, லைனிங்கின் பிடிப்பும் குறைகிறது. மலை இறக்கத்தில் பிரேக் செத்துப்போவது என்று டிரைவர்கள் சொல்வது இதைத்தான்.

1934-ல் ஜெர்மனியின் மெர்சிடீஸ், ஆட்டோ யூனியன் கார்கள் ஹைட்ராலிக் பிரேக்கோடு பந்தயக் களத்தில் இறங்கின. அவற்றை எதிர்த்து நின்ற புகாட்டியின் டைப் 59 அழகில் ஒப்பற்றது. ஆனால், பிரேக்கில் இன்னும் கேபிள். களம் மாறிவிட்டது.

அப்பாவும் மகனும்

ழானை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன் இல்லையா? 1930-களில் அவர் வளர்ந்து ஆளாகிவிட்டார். அப்பாவைப் போலவே கல்லூரிப் பட்டம் இல்லாத கை. ஆனால், கோடு போட்டால் காரே கண்ணெதிரில் ஓடும். இன்றைக்கு உலகத்திலேயே விலை உயர்ந்த கார்கள் வரிசையில் இருக்கும் டைப் 57 அட்லாண்டிக், அவர் கையெழுத்து.

டைப் 57 செய்யும்போதே அப்பாவுக்கும் மகனுக்கும் இழுபறி. முன்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பை மகன் முதலில் வைத்துப் பார்த்தார். அப்பா மறுத்துவிட்டார். புகாட்டி என்றால் ஒற்றை முன் அச்சுதான் என்பது அவர் தீர்மானம். பிரேக்கும் கேபிளாகவே தொடர்ந்தது.

1936-ல் பிரான்ஸ் முழுக்க வேலைநிறுத்த அலை. மோல்ஷெம் தொழிலாளர்களும் வேலையை நிறுத்தினார்கள். தொழிலாளர்களைத் தன் குடும்பமாக நினைத்திருந்த எத்தோரே மனசு ஒடிந்து பாரீஸுக்குப் போய்விட்டார். தொழிற்சாலை, இருபத்தேழு வயது மகன் கைக்கு வந்தது.

1938-ல் டைப் 57 கார்களுக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்தது. 1922-ல் அப்பா தொட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்ட அதே விஷயம், 16 வருஷம் கழித்து மகன் காலத்தில் வீடு திரும்பியது. இதற்குள் ரப்பர் சீல்கள் தேறியிருந்தன, குழாய்கள் உறுதியாகியிருந்தன. அப்பா கைவிட்டதும் அன்றைக்குச் சரி. இன்றைக்கு மாற்றுவதும் சரி. நடுவில் கழிந்த அந்த வருஷங்கள்தான் பிடிவாதத்தின் கணக்கில் சேரும்.

1939 ஜூனில் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில் புகாட்டி ஜெயித்தது. ஆகஸ்ட் 11 அன்று, அந்த வெற்றிக் காரை மோல்ஷெம் பக்கத்துச் சாலையில் ழான் சோதித்துக்கொண்டிருந்தார். சாலையில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். அவர் மீது மோதாமல் இருக்க ழான் காரைத் திருப்பினார். கார் மரத்தில் மோதியது. ழானுக்கு வயது 30.

அந்த வேகத்தில், அவ்வளவு குறுகிய இடத்தில் எந்தக் காராலும் நின்றிருக்க முடியாது. அதனால், பிரேக்கின் மீது பழி போடுவது நியாயமில்லை. ஆனாலும், ஓடுவதற்காகவே கார் செய்தவர் என்று ஊர் கதை கட்டிய ஒரு அப்பாவுக்கு, இதைவிடக் கொடுமையான செய்தி வேறு என்ன வந்திருக்க முடியும்?

மூன்று வாரத்தில் இரண்டாம் உலகப் போர். மோல்ஷெம் தொழிற்சாலை ஜெர்மானியர் கைக்குப் போனது. 1944-ல் மனைவி பார்பரா காலமானார். போர் முடிந்த பிறகு, எதிரியின் சொத்து என்று சொல்லித் தொழிற்சாலையை பிரெஞ்சு அரசு எடுத்துக்கொண்டது. நீதிமன்றப் படி ஏறினார் எத்தோரே. 1947-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தபோது உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஆகஸ்ட் 21 அன்று பாரீஸில் காலமானார். வயது 65. மோல்ஷெமை ஒட்டிய டோர்லிஷெம் கல்லறையில், தன் குடும்பத்தாரோடு உறங்குகிறார்.

உங்கள் பழைய காருக்கு எத்தோரே சொல்லும் பாடம்

சரி, நம்ம விஷயத்துக்கு வருவோம். பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தேடி வாங்கிச் சீர்படுத்தும் ஆர்வம் உள்ளவர்களிடையே ஒரு தீராத சண்டை உண்டு. பிரேக்கை மாற்றலாமா, கூடாதா? மாற்றினால் அது பழைய காரே இல்லை என்பார்கள் ஒரு கட்சியினர். உயிர் முக்கியமா, அசல் முக்கியமா என்பார்கள் எதிர்க்கட்சியினர்.

எத்தோரேயின் கதையில் இருந்து எனக்குக் கிடைத்த முதல் பாடம்: மாற்றுவதற்கு முன்னால், இருப்பதைச் சரிசெய்யுங்கள். பழைய காரில் பிரேக் பிடிக்கவில்லை என்றால், பெரும்பாலும் அமைப்பு மோசமில்லை, பராமரிப்புதான் மோசம். டிரம் வட்டமாக இருக்கிறதா, ஷூ முழுசாகப் பதிகிறதா, கேபிள் வறண்டுபோய் மாட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். ஹைட்ராலிக் என்றால் வீல் சிலிண்டர் இறுகியிருக்கிறதா, ரப்பர் குழாய் உள்ளே உப்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அதனால், கார் ஓடாமல் நின்றிருந்தாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவது நல்லது. ஒரு எச்சரிக்கை: பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைத் திறந்ததும் வாயாலோ ஏர் பைப்பாலோ தூசியை ஊதித் தள்ளாதீர்கள். நுரையீரலுக்கு ஆகாது.

இரண்டாவது, சமநிலை. இதைச் சோதிக்க விஞ்ஞானக் கூடம் தேவையில்லை. நாலு சக்கரமும் தரையைத் தொடாதபடி காரை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு கட்டையைக் கொடுத்து, பெடலை லேசாக அழுத்தி வையுங்கள். இப்போது ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். இடது எவ்வளவு இறுக்கமோ, வலதும் அவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும். பின்சக்கரங்களைவிட முன்சக்கரங்கள் முதலில் இறுக வேண்டும். மோல்ஷெம் மெக்கானிக்குகளின் காலத்துச் சோதனைதான் இது. இன்றைக்கும் செல்லும்.

அதன் பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத, சமமான இடத்தில் மெதுவான வேகத்தில் ஓட்டி பிரேக் போட்டுப் பாருங்கள். கார் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை ஸ்டீயரிங்கே உங்கள் கைக்குச் சொல்லும்.

மூன்றாவது, மாற்றுவதாக முடிவு செய்துவிட்டால், பாதி வேலை பார்க்காதீர்கள். நிறைய பேர் செய்யும் தப்பு, முன்னால் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக்கை மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. டிஸ்க்கின் காலிப்பருக்கு அதிகத் திரவம் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டர் போதாமல், பெடல் ஆழமாகப் போகும். அதற்காக ரொம்பப் பெரிய மாஸ்டர் சிலிண்டரை மாட்டினால் பெடல் கல் மாதிரி ஆகும்; காலை எவ்வளவு அழுத்தினாலும் அழுத்தம் குறைவாகத்தான் கிடைக்கும். அளவு பார்த்துச் சேர்க்க வேண்டும்.

பின்பக்கத்தை மட்டும் பலப்படுத்துவது அதைவிட ஆபத்து. பின்சக்கரம் முதலில் பூட்டினால், கார் பம்பரமாகச் சுற்றிவிடும். முன்சக்கரம் முதலில் பூட்டினால் ஸ்டீயரிங் கேட்காது, ஆனால் நேராகவாவது போகும். அதனால்தான் பின்பக்க அழுத்தத்தைக் கட்டுப்படுத்த ஒரு வால்வு வைக்கிறார்கள். பந்தயத்துக்கான பேடுகளை ஊருக்குள் ஓட்டும் காரில் மாட்டுவதிலும் அர்த்தமில்லை. அவை சூடேறிய பிறகுதான் நன்றாகப் பிடிக்கும். காலையில் தெருமுனை சிக்னலில் அவை உங்களைக் கைவிடலாம். டயர் பழசாகி இறுகியிருந்தால், எந்த பிரேக்கும் பலன் தராது. கடைசியில் காரை நிறுத்துவது டயர்தான். இந்த வேலை முழுவதையும் பிரேக் தெரிந்த மெக்கானிக்கை வைத்தே செய்யுங்கள். இன்டர்நெட் பார்த்துக் கற்றுக்கொள்ள வேறு எத்தனையோ விஷயம் இருக்கு.

அசல் எது?

பிரேக்கை மாற்றினால் புகாட்டிக்கு அவமானம் என்று சொல்பவர்களுக்கு அவருடைய வாழ்க்கையே பதில். திரவத்தில் ஆரம்பித்து, கேபிளுக்குப் போய், மறுபடி திரவத்துக்கு வந்த பட்டறை அது. அசலான புகாட்டி பிரேக் எது என்று கேட்டால், எந்த வருஷத்தது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். அருங்காட்சியகத்தில் நிற்கும் கார் கேபிளோடு நிற்கட்டும், அது சரித்திரம். பிரான்ஸின் முலூஸ் நகர அருங்காட்சியகத்தில் நூறுக்கும் மேற்பட்ட புகாட்டிகள் இருக்கின்றன. ஆனால், பிள்ளைகளை உட்கார வைத்துச் சாலையில் ஓட்டும் கார் நின்றாக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2005-ல் புகாட்டி பெயரில் மணிக்கு 400 கிலோமீட்டரைத் தாண்டும் வேரோன் கார் வந்தது. 1939 லெமான் வெற்றிக் காரை ஓட்டிய இருவரில் ஒருவரான பியர் வேரோனின் பெயர் அது. அந்த காரில் பெரிய வேகத்தில் பிரேக்கை மிதித்தால், டிஸ்க் மட்டும் வேலை செய்யாது. பின்னால் இருக்கும் இறக்கை நிமிர்ந்து எழுந்து, காற்றையே பிரேக்காகப் பிடித்துக்கொள்ளும். ஓடுவதற்கு மட்டுமே கார் செய்தார் என்று கேலி செய்யப்பட்டவரின் பெயரில், இப்போது காற்றைப் பிடித்தும் நிறுத்துகிறார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வண்டியைக் கழுவும்போது, சக்கரத்துப் பக்கமும் கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஸ்போர்ட்ஸ் காராக இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய பைக்காக இருந்தாலும் சரி. கேபிளில் நார் பிரிந்திருக்கிறதா, ஆயில் கறுத்திருக்கிறதா, பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா? இழுத்தால் தள்ளிப்போடாதீங்க. மறுநாளே மெக்கானிக்கிடம் காட்டிடுங்க.